அமிலத் தொழிலும் அறநெஞ்சும்: ஆசார்ய பிரபுல்ல சந்திர ராய்

ஒரு நாட்டின் தொழில்வளத்தை அளந்தறிய வேண்டுமாயின், அந்நாடு ஓராண்டில் செலவிடும் கந்தக அமிலத்தின் அளவை நோக்கினால் போதும் என்பது வேதியியல் அறிஞர்களிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் கருத்தாகும். வயலுக்கு இடும் உரம், துணிக்கு ஏற்றும் சாயம், நோய்க்கு உண்ணும் மருந்து என எதனை எடுத்தாலும், அதன் பிறப்பில் எங்கோ ஓரிடத்தில் அமிலம் தன் பங்கைச் செலுத்தியிருக்கும். மோட்டார் வண்டியின் பாட்டரியில் ஊற்றப்படும் நீர்மத்தின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கந்தக அமிலமே. ஆலையில் மட்டுமன்றி அடுக்களையிலும் அமிலங்கள் உண்டு. புளியில் டார்டாரிக் அமிலம், எலுமிச்சையில் சிட்ரிக் அமிலம், புளித்த மோரில் லாக்டிக் அமிலம் ஆகியன உள்ளன. உண்ட உணவைச் செரிக்கச் செய்ய இரைப்பையில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சுரக்கின்றது. அமிலமின்றி வாழ்வில்லை எனினும் மிகையாகாது.

நம் விருதுநகர் மாவட்டத்து மக்களுக்கு அமிலத்தோடு இன்னும் நெருங்கியதோர் உறவு உண்டு. கந்தகம், வெடியுப்பு, கரி என்னும் மூன்றும் கலந்தால் கருமருந்தாகும் என்பது சிவகாசி வட்டாரத்தில் சிறுவரும் அறிந்த செய்தி. அம்மூன்றனுள் கரியை நீக்கிவிட்டு, கந்தகத்தையும் வெடியுப்பையும் சேர்த்து எரித்து, எழும் புகையை நீராவியோடு காரீயத் தகடு பொதிந்த அறையினுள் செலுத்தினால் கந்தக அமிலம் கிடைக்கும். இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் 1746 ஆம் ஆண்டு ஜான் ரோபக் என்பார் தொடங்கிய ஈய அறை முறை இதுவே. ஆக, பட்டாசும் பாட்டரி அமிலமும் ஒரே பொருள்களிலிருந்து பிறந்த உடன்பிறப்புகள் எனலாம்.

இத்தகைய அமிலத்தொழிலை அந்நியர் ஆட்சிக்காலத்தில் இந்தியரின் கைகொண்டும் இந்தியரின் அறிவுகொண்டும் வளர்த்துக் காட்டியவர் ஆசார்ய பிரபுல்ல சந்திர ராய். தமிழ்த்துறை வெளியிடும் மலரில் வேதியியல் அறிஞர் ஒருவருக்கு என்ன இடம் என்னும் வினா எழலாம். பழஞ்சுவடிகளைப் படித்து நம் முன்னோரின் அறிவியல் வரலாற்றை எழுதியவர் அவர். அறிவியல் தாய்மொழியில் பேசப்பட வேண்டும் என வாழ்நாள் முழுதும் வலியுறுத்தியவர் அவர். இவ்விரு காரணங்களும் போதும் என எண்ணுகிறேன். அவர்தம் வாழ்வு நம் வட்டாரத்திற்குக் கூறும் மூன்றாவது செய்தியொன்றும் உண்டு. அதனைக் கட்டுரையின் இறுதியில் காண்போம்.

பிறப்பும் இளமையும்

அன்றைய வங்காளத்தின் ஜெசூர் மாவட்டத்தில், இன்றைய வங்கதேசத்தின் குல்னா பகுதியில், ராருலி என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூரில் 1861 ஆம் ஆண்டு ஆகஸ்டு 2 ஆம் நாள் பிரபுல்ல சந்திரர் பிறந்தார். தந்தையார் ஹரிஷ் சந்திர ராய். தாயார் புவனமோகினி தேவி. நிலக்கிழார் குடும்பமாயினும் தந்தையாரின் செல்வம் நிலத்தில் மட்டும் இருக்கவில்லை. பாரசீக மொழியில் ஆழ்ந்த பயிற்சியும் அரபு மொழியில் ஓரளவு பழக்கமும் உடைய அவர், கவிஞர் ஹாபிஸின் பாடல்களில் தோய்ந்தவர். ஆங்கில நூல்களையும் திரட்டித் தம் இல்லத்தில் நூலகம் அமைத்திருந்தார். சமய வேறுபாடு கருதாமல் அறிவு எங்கிருந்து வரினும் ஏற்கும் பண்பு மகனுக்குத் தந்தை வழியாகவே வந்தது.

மக்களின் கல்விக்காக 1870 ஆம் ஆண்டு அக்குடும்பம் கல்கத்தாவில் குடியேறியது. ஹேர் பள்ளியில் பயின்றுகொண்டிருந்த சிறுவரை 1874 ஆம் ஆண்டில் கடும் வயிற்றுக்கடுப்பு நோய் தாக்கியது. பள்ளியைவிட்டு ஏறத்தாழ ஈராண்டுகள் விலகியிருக்க நேர்ந்தது. செரிமானக் குறையும் உறக்கமின்மையும் அதன்பின் வாழ்நாள் முழுதும் அவரைத் தொடர்ந்தன. நோய் பறித்த அவ்விரண்டு ஆண்டுகளை அவர் வீணாக்கவில்லை. தந்தையின் நூலகத்தில் இருந்த நூல்களைத் தாமே கற்றார். வரலாற்று நூல்களிலும் பெரியோர் வாழ்க்கை வரலாறுகளிலும் அவருக்கிருந்த பற்று அக்காலத்தில் வேரூன்றியதேயாகும்.

பின்னர் ஆல்பர்ட் பள்ளியிலும், ஈசுவர சந்திர வித்தியாசாகர் நடத்திவந்த மெட்ரோபாலிடன் கல்லூரியிலும் பயின்றார். அக்கல்லூரியில் அறிவியல் பாடத்திற்குப் போதிய வசதி இல்லாமையால், பிரசிடென்சிக் கல்லூரிக்குச் சென்று அலெக்சாண்டர் பெட்லர் நிகழ்த்திய வேதியியல் சொற்பொழிவுகளைக் கேட்டார். இலக்கியத்தை உயிராக நேசித்த இளைஞரின் உள்ளம் சோதனைக் குழாயின்பால் திரும்பியது அங்கேதான். கில்கிறிஸ்ட் பரிசுத் தேர்வில் வெற்றி பெற்று 1882 ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்திற்குச் சென்றார்.

எடின்பரோவில்

அங்கு அலெக்சாண்டர் கிரம் பிரௌன் என்னும் பேராசிரியரிடம் வேதியியல் கற்றார். 1885 இல் இளநிலைப் பட்டமும் 1887 இல் டாக்டர் பட்டமும் பெற்றார். ஹோப் பரிசும் அவரை வந்தடைந்தது. கல்வியில் மூழ்கியிருந்த நாளிலும் தாய்நாட்டை அவர் மறந்தாரல்லர். 1857 ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்கு முன்னும் பின்னும் இந்தியா இருந்த நிலையைப் பற்றிப் பல்கலைக்கழகம் கட்டுரைப்போட்டி ஒன்றை அறிவித்தபோது, ஆங்கிலேய ஆட்சியின் குறைகளை அஞ்சாது எடுத்துரைத்துக் கட்டுரை எழுதினார். பரிசு கிட்டவில்லை, ஆயின் கட்டுரை அறிஞர்களின் கவனத்தைப் பெற்றது. கல்வி உதவி பெற்று வந்த அடிமை நாட்டு மாணவர் ஒருவர் ஆள்வோரின் மண்ணிலேயே அவர்தம் ஆட்சியைக் கண்டித்து எழுதுவதற்கு எத்துணைத் துணிவு வேண்டும் என்பதை மாணவர்கள் எண்ணிப்பார்க்க வேண்டும்.

1888 இல் தாயகம் திரும்பியவருக்கு உடனே பணி கிடைக்கவில்லை. நண்பர் ஜகதீச சந்திர போஸின் இல்லத்தில் தங்கிக் காத்திருந்தார். 1889 இல் பிரசிடென்சிக் கல்லூரியில் துணைப் பேராசிரியர் பணி கிடைத்தது. மாத ஊதியம் 250 ரூபாய். அதே கல்வித் தகுதியுடைய ஆங்கிலேயருக்கு உயர்பணியும் மிகுந்த ஊதியமும் கிடைத்துவந்த காலம் அது. கல்வித்துறை உயர் அலுவலரிடம் முறையிட்டபோது, தகுதி உடையவர் வேறு தொழில் தேடிக்கொள்ளலாமே என்னும் பொருள்பட விடை வந்தது. அவ்விடை அவரைப் புண்படுத்தியது. எனினும், அரசுப் பணியையே நம்பி நிற்கும் படித்த இளைஞர்களுக்கு வேறு வழியைத் தாமே அமைத்துக்காட்ட வேண்டும் என்னும் உறுதி அவருள் வலுப்பெற்றது.

மாடியில் காய்ந்த எலும்புகள்

கல்கத்தாவில் மேல் வட்டச் சாலையில் 91 ஆம் எண் வீட்டில் அவர் வாடகைக்குக் குடியிருந்தார். அவ்வீடே அவர்தம் ஆலையாயிற்று. ஏறத்தாழ 700 ரூபாய் முதலீட்டில், 1892 ஆம் ஆண்டில் வங்காள வேதியியல் மருந்து நிறுவனத்தின் வித்து அங்கு ஊன்றப்பட்டது. கல்லூரி முடிந்து மாலையில் வீடு திரும்பியதும் பேராசிரியர் தொழிலாளியாக மாறிவிடுவார். அடுப்பெரிப்பதும் வடிகட்டுவதும் புட்டியில் அடைப்பதும் அவர் கைகளே.

முதல் முயற்சிகள் தோல்வியில் முடிந்தன. எலுமிச்சைச் சாற்றிலிருந்து சிட்ரிக் அமிலம் எடுக்க முயன்றார். பழத்தின் விலை கட்டுப்படியாகவில்லை. உவர்மண்ணிலிருந்து சோடா உப்பு எடுத்துப் பார்த்தார். கப்பலில் வந்திறங்கும் ஆங்கிலச் சரக்கின் மலிவு விலைக்கு முன் அது நிற்கவில்லை. அடுத்து அவர் கருத்து எலும்பின்மேல் சென்றது. எலும்பைச் சுட்டுச் சாம்பலாக்கிக் கந்தக அமிலத்தோடு சேர்த்தால் பாஸ்பேட் உப்புகள் கிடைக்கும். அவை மருந்துக்கு உதவும்.

ராஜாபஜார் பகுதியில் முஸ்லிம் மக்களின் கறிக்கடைகளிலிருந்து எலும்புகள் மூட்டை மூட்டையாக வந்து சேர்ந்தன. அவற்றை மொட்டைமாடியில் பரப்பிக் காயவைத்தார். எதிர்பாராத மழை பிடித்துக்கொண்டது. எலும்பில் ஒட்டியிருந்த ஊன் அழுகிப் புழுத்தது. காகங்கள் கூட்டமாக வந்து துண்டுகளைக் கவ்விச்சென்று அண்டை வீடுகளில் இட்டன. ஆசாரம் மிக்க அண்டை வீட்டார் கொதித்தெழுந்தனர். நகராட்சியிடம் முறையிடப்போவதாக அச்சுறுத்தினர். வேறு வழியின்றி எலும்புகளை மாணிக்தலா என்னும் ஒதுக்குப்புறத்திற்குக் கொண்டுசென்று எரியூட்டினார். இரவில் தீ ஓங்கி எரிவதைக் கண்டு காவலர் ஓடிவந்தனர். கொலையுண்ட உடலை யாரோ கமுக்கமாக எரிக்கின்றனர் என்பது அவர்கள் கொண்ட ஐயம்! உண்மையை விளக்கி அவர்களை அனுப்பிவைக்க வேண்டியதாயிற்று.

நிலக்கிழார் குடும்பத்தில் பிறந்து வெளிநாட்டில் டாக்டர் பட்டம் பெற்ற ஒருவர், சமூகம் தீட்டெனக் கருதிய எலும்பைத் தம் கையால் தொட்டுச் சுமந்து சுட்டார் என்பதே இந்நிகழ்ச்சியில் நாம் காணவேண்டிய பெருமை. தீப்பெட்டியின் பக்கவாட்டில் உரசுதற்குப் பூசப்படும் சிவப்புப் பாஸ்பரஸின் மூலப்பொருளாகிய பாஸ்பரசும் முற்காலத்தில் எலும்புச் சாம்பலையும் கந்தக அமிலத்தையும் கொண்டே ஆக்கப்பட்டது என்பது தீப்பெட்டித் தொழில் தழைத்த நம் வட்டாரத்தார் ஈண்டு நினைத்தற்குரியது.

அமில ஆலை

அமிலம் கனமானது; பொருளை அரிப்பது; கண்ணாடிக் குடுவையில் அடைத்துக் கப்பலேற்றினால் வழியில் உடையும் அச்சமும் உண்டு; கூலியும் மிகுதி. ஆதலால் கந்தக அமிலத்தை அவ்வந்நாட்டில் செய்வதே சிக்கனம். பிற வேதிப்பொருள்கள் யாவற்றிற்கும் அதுவே அடிப்படை என்பதனால், அமிலத்தைப் பிறரிடம் வாங்கும் வரையில் தொழில் தன் காலில் நிற்க இயலாது என்பதை ராய் உணர்ந்தார்.

1901 ஆம் ஆண்டு ஏப்ரல் 12 ஆம் நாள் நிறுவனம் வரையறுக்கப்பட்ட குழுமமாகப் பதிவாயிற்று. மாணிக்தலாவில் பெரிய ஆலை எழுந்தது. காரீயத் தகடுகளால் அமைந்த அறைகளில் கந்தக அமிலம் பெருமளவில் உருவாயிற்று. மற்ற உலோகங்கள் பலவற்றைத் தின்று தீர்க்கும் கந்தக அமிலம், காரீயத்தின் மேற்பரப்பில் கரையாத சல்பேட் படலம் ஒன்றை உண்டாக்கி, அப்படலத்தாலேயே தடுக்கப்பட்டு நிற்கும். ஈய அறையின் சூழ்ச்சி இதுதான். பாட்டரியினுள் காரீயத் தகடுகளும் கந்தக அமிலமும் ஆண்டுக்கணக்கில் ஒருங்கே வாழ்வதும் இப்பண்பினால்தான்.

முதல் உலகப்போரின்போது வெளிநாட்டுச் சரக்கு வருவது தடைப்பட்டது. நைட்ரிக் அமிலம் முதலிய வேதிப்பொருள்களை இவ்வாலை அரசுக்கு வழங்கியது. இந்தியரால் இயலாது என்றிருந்த எண்ணம் அன்று பொய்த்தது. 1980 இல் நாட்டுடைமையாக்கப்பட்ட இந்நிறுவனம், 2020 இல் கொரோனா பெருந்தொற்றின்போது ஹைட்ராக்சிகுளோரோகுவின் மாத்திரை தொடர்பாக மீண்டும் நாட்டு மக்களின் நாவில் வழங்கியது.

இவ்வாலையின் மேலாளராக விளங்கியவரைத் தமிழ் மாணவர்கள் அறிந்துகொள்ள வேண்டும். 1903 இல் பணியில் சேர்ந்த ராஜசேகர போஸ் வேதியியல் கற்றவர். அவரே பரசுராம் என்னும் புனைபெயரில் வங்க நகைச்சுவை இலக்கியத்தில் முடிசூடியவர். சலந்திகா என்னும் அகராதியைத் தொகுத்தவர். 1958 இல் சாகித்திய அக்காதெமி விருது பெற்றவர். பகலில் அமில ஆலை, இரவில் அகராதி என வாழ்ந்த அவரைப் போன்றோர் நம் மொழிக்கும் பலர் வேண்டும்.

இருவர் மறைவு

வெற்றியின் வரலாற்றில் கண்ணீரும் கலந்திருந்தது. தொடக்க நாளில் ராய்க்குத் தோள்கொடுத்தவர் அமூல்ய சரண் போஸ் என்னும் மருத்துவர். நாட்டு மருந்துகளை ஆங்கில மருத்துவரிடையே பரப்பியதில் அவர் பங்கு பெரிது. அவர்தம் உறவினர் சதீஷ் சந்திர சின்ஹா என்னும் இளைஞர் வேதியியலில் முதுகலைப் பட்டம் பெற்றுத் தொழிலில் இணைந்தார். படித்த இளைஞர்கள் எழுத்தர் வேலையை நாடாமல் ஆலைக்கு வரவேண்டும் என்னும் ராயின் கனவுக்கு முதற்சான்றாக வந்தவர் அவர். ஒருநாள் மாலை உலாவிவிட்டுத் திரும்பிய ராயின் செவியில் பேரிடி போன்ற செய்தி வீழ்ந்தது. ஆய்வகத்தில் ஹைட்ரோசயானிக் அமிலம் தவறுதலாக உடலில் சேர்ந்து சதீஷ் உயிர் நீத்தார். அத்துயர் ஆறுமுன்னே, 1898 இல் அமூல்ய சரணைப் பிளேக் நோய் கொண்டுசென்றது.

இரு கைகளும் ஒடிந்தாற்போல் நின்றார் ராய். தொழிலை மூடிவிடுமாறு அறிவுறுத்தியோரும் இருந்தனர். அவர் மூடவில்லை. ஆனால் அமிலம் என்பது அறிந்தோரையும் ஒரு நொடித் தவற்றுக்காக மன்னியாது என்னும் பாடம் அவர் வாழ்வில் ஓர் இளைஞரின் உயிரால் எழுதப்பட்டுவிட்டது.

மஞ்சள் படிகமும் பழஞ்சுவடியும்

தொழிலுக்கிடையே ஆய்வும் நடந்தது. நாள்தோறும் மக்கள் உண்ணும் நெய்யிலும் கடுகெண்ணெயிலும் கலப்படத்தைக் கண்டறியும் வழிகளை ஆராய்ந்தார். 1896 ஆம் ஆண்டில் பாதரசத்தின்மீது நீர்த்த நைட்ரிக் அமிலத்தைக் குளிர்ந்த நிலையில் ஊற்றியபோது மஞ்சள் நிறப் படிகங்கள் தோன்றின. பலர் பொருட்படுத்தாது கடந்திருக்கக் கூடிய அப்படிகத்தை அவர் ஆராய்ந்தார். அது நிலைத்திருக்கும் என எவரும் எதிர்பாராத மெர்க்குரஸ் நைட்ரைட் என்னும் சேர்மம் எனக் கண்டார். உலக வேதியியலார் அவரை அறிந்தது இக்கண்டுபிடிப்பால்தான். இங்கிலாந்தின் வேதியியல் அரசவைக் கழகம் 2011 இல், அவர்தம் 150 ஆவது பிறந்த ஆண்டில், பிரசிடென்சி வளாகத்தில் நினைவுப் பட்டயம் நிறுவியது. ஐரோப்பாவிற்கு வெளியே அக்கழகம் அத்தகைய சிறப்பை முதன்முதலில் வழங்கியது அவருக்கேயாகும்.

பிரெஞ்சு அறிஞர் பெர்த்தலோ அளித்த ஊக்கத்தால், வடமொழிச் சுவடிகளைத் தேடித் தொகுத்து, இந்து வேதியியல் வரலாறு என்னும் நூலை இரு தொகுதிகளாக எழுதினார். முதல் தொகுதி 1902 இல் வெளிவந்தது. அப்பாசியக் கலீபாக்களின் காலத்தில் சரகர், சுசுருதர் ஆகியோரின் மருத்துவ நூல்கள் அரபு மொழியில் பெயர்க்கப்பட்டமையை, கிதாபுல் பிஹ்ரிஸ்த் போன்ற அரபு நூல்களைச் சான்றாகக் கொண்டு அந்நூலில் நிறுவினார். அல்பிரூனி இந்தியாவைப் பற்றி எழுதியனவற்றையும் எடுத்தாண்டார். வேதியியலைக் குறிக்கும் ஐரோப்பியச் சொல்லும், காரத்தைக் குறிக்கும் அல்கலி என்னும் சொல்லும் அரபு மொழியிலிருந்து சென்றவை. ஜாபிர் இப்னு ஹய்யான், அர்ராஸி ஆகியோரின் பெயரால் வழங்கும் நூல்கள் வடித்தெடுக்கும் கலையை மேலைநாட்டிற்குக் கற்பித்தன. பாக்தாதும் பாடலிபுத்திரமும் அறிவுலகில் அண்டை வீடுகளாய் இருந்த வரலாற்றை, பாரசீகம் கற்ற தந்தையின் மகன் நமக்கு நினைவூட்டினார்.

அந்நூலின் உயிர்நாடியான இயல் ஒன்று உண்டு. இத்துணைச் சிறந்த இந்திய வேதியியல் பிற்காலத்தில் ஏன் தேய்ந்தது என்னும் வினாவிற்கு அதில் அவர் விடை தேடினார். உலோகம் உருக்குவோரும் சாயம் ஏற்றுவோரும் கருவி செய்வோரும் தாழ்ந்த சாதியினர் எனத் தள்ளப்பட்டனர்; கற்றவர்கள் கைத்தொழிலைத் தொடுவது இழிவெனக் கருதினர். கை ஒருபுறமும் கருத்து ஒருபுறமுமாகப் பிரிந்தன. கையிருந்தவனுக்கு ஏன், எவ்வாறு என்று கேட்கும் கல்வி இல்லை. கல்வி இருந்தவனுக்குப் பொருளைத் தொட்டறியும் பழக்கம் இல்லை. அறிவியல் அழிந்தமைக்கு இதுவே தலையாய காரணம் என்பது ராயின் முடிவு. எலும்பை மாடியில் உலர்த்திய கைகளே இதனை எழுதின என்பதனால் அம்முடிவிற்கு வலிமை மிகுதி.

தாய்மொழிப் பற்று

பிரிந்த கையையும் கருத்தையும் இணைக்கும் பாலம் தாய்மொழியே என அவர் கருதினார். 1893 இலேயே வங்க மொழியில் எளிய விலங்கியல் நூலொன்றை எழுதினார். அந்நிய மொழியில் மனப்பாடம் செய்யும் மாணவன் அறிவியலை விழுங்குவானேயன்றிச் செரிக்கமாட்டான் என்பது அவர் கொள்கை.

தமிழிலும் இத்தகைய முயற்சிகள் நடந்தன. யாழ்ப்பாணத்தில் மருத்துவர் சாமுவேல் கிறீன் 1875 இல் கெமிஸ்தம் என்னும் வேதியியல் நூலைத் தமிழில் வெளியிட்டார். 1916 இல் சேலத்தில் இராசாசி முதலியோர் தமிழ்ச் சாஸ்திர பரிபாஷைச் சங்கம் அமைத்துக் கலைச்சொல் ஆக்கினர். பின்னாளில் இராசாசியே திண்ணை ரசாயனம் என எளிய நூலும் எழுதினார். நம் சித்த மருத்துவ நூல்களில் திராவகம், செயநீர் என்னும் சொற்கள் காலங்காலமாக வழங்குகின்றன. சொல் இல்லாத மொழியன்று நம் மொழி. சொல்லைத் தொழிலாளியின் செவிவரை கொண்டுசேர்க்கும் பணியே மிஞ்சியுள்ளது.

ஈகையும் எளிமையும்

1916 இல் பிரசிடென்சிக் கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்றபின், பல்கலைக்கழக அறிவியல் கல்லூரியில் பாலித் பேராசிரியராக அமர்ந்தார். 1919 இல் அரசு அவருக்குச் சர் பட்டம் வழங்கியது. பட்டம் பெற்ற பின்னும் அவர் கதராடையே உடுத்தார். தென்னாப்பிரிக்க இந்தியரின் துயரை எடுத்துரைக்க, 1902 சனவரியில் காந்தியடிகளைக் கல்கத்தாப் பொதுக்கூட்டத்தில் பேசச் செய்ததில் அவர் பங்கு உண்டு. திருமணம் செய்துகொள்ளாத அவருக்கு மாணவர்களே மக்கள். மேகநாத சாகா, சத்தியேந்திரநாத் போஸ், ஞானசந்திர கோஷ், நீல்ரதன் தர் ஆகியோர் அவர் காலடியில் வளர்ந்தோருள் சிலர்.

1921 இல் அறுபது வயது நிறைந்தது முதல், 1936 இல் பணி நிறைவு பெறும் வரையில், தம் ஊதியம் முழுவதையும் வேதியியல் துறையின் வளர்ச்சிக்கெனப் பல்கலைக்கழகத்திற்கே அளித்துவிட்டார். கல்லூரிக் கட்டடத்திலேயே ஓர் அறை அவர்தம் இல்லம். ஒரு கட்டில், சில நூலடுக்குகள், தங்கிப் படிக்கும் ஏழை மாணவர் சிலர். அவ்வறையின் உடைமை அவ்வளவே. 1921 இல் குல்னாவில் பஞ்சம் வந்தபோதும், 1922 இல் வட வங்காளத்தை வெள்ளம் சூழ்ந்தபோதும், அறிவியல் கல்லூரியையே துயர்துடைப்பு நிலையமாக்கினார். அவ்வூர்களின் உழவருள் பெரும்பாலோர் முஸ்லிம்கள். பசிக்கு மதமில்லை என்பதை அறுபது கடந்த அம்முதியவர் சேற்றிலும் வெள்ளத்திலும் நடந்து மெய்ப்பித்தார். 1944 ஆம் ஆண்டு சூன் 16 ஆம் நாள், அந்த எளிய அறையிலேயே அவர்தம் உயிர் பிரிந்தது.

நம் மண்ணுக்கு அவர் விடுக்கும் செய்தி

ராய் வாழ்ந்த அதே கல்கத்தாவிற்கு 1922 ஆம் ஆண்டில் சிவகாசியிலிருந்து இரு இளைஞர்கள் சென்றனர். அவர்கள் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் ஆவர். தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பி, மழை பொய்த்த கரிசல் மண்ணில் ஒரு புதிய வாழ்வை விதைத்தனர். அவர்களுக்குத் தொழில் கற்பித்தவர் பூர்ண சந்திர ராய் என்னும் வங்காளத் தொழிலதிபர் எனச் சிவகாசி வரலாறு எழுதுவோர் கூறுவர். பெயரின் முதலெழுத்துகள் ஒன்றாயிருப்பதால் அவரையும் நம் ஆசார்யரையும் ஒருவரெனக் கொள்ளுதல் கூடாது. எனினும் இருவரும் ஒரே சுதேசிக் காற்றைச் சுவாசித்தவர்கள். அக்காற்றே தெற்கே வந்து சிவகாசியில் விளக்கேற்றியது.

அவ்விளக்கின் ஒளியில் வாழும் நாம் அதன் சூட்டையும் மறைக்கலாகாது. 2012 ஆம் ஆண்டு செப்டம்பர் 5 ஆம் நாள் முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதற்கு முன்னும் பின்னும் நேர்ந்தவை பல. காரணங்களுள் உராய்வு உண்டு, நெரிசல் உண்டு, விதிமீறல் உண்டு. வேதியியல் கூறும் காரணமும் ஒன்று உண்டு. கந்தகத்தூள் காற்றும் ஈரமும் படப்படத் தன்மேல் மிகச் சிறிதளவு அமிலத்தை உண்டாக்கிக்கொள்ளும். குளோரேட் உப்போடு அக்கந்தகம் சேர்ந்தால், கண்ணுக்குப் புலப்படாத அவ்வமிலமே தானாகத் தீப்பற்றுவதற்குப் போதுமானது. இது பற்றியே அவ்விரண்டும் சேர்ந்த வெடிகலவை நம் நாட்டில் 1992 இல் தடைசெய்யப்பட்டது. அலுமினியத் தூள் சேர்ந்த கலவையில் ஈரம் பட்டால் சூடேறும் என்பதும் இத்தகையதே.

தடை என்னும் சொல் பலர் செவிக்கு எட்டியிருக்கலாம். தடையின் காரணம் மருந்து கலக்கும் தொழிலாளியின் செவிக்கு எட்டியதா? நம் வகுப்பறையில் அமர்ந்திருக்கும் மாணவ மாணவியர் பலரின் பெற்றோர் குச்சி அடுக்கியும் குழாய் சுற்றியும் திரி வைத்துமே அவர்களைக் கல்லூரிக்கு அனுப்பியுள்ளனர். அவர்தம் கைகளில் ஐம்பது ஆண்டுப் பட்டறிவு உண்டு. ஏன், எவ்வாறு என்னும் விளக்கம் மட்டும் பிறமொழி நூல்களில் பூட்டிக்கிடக்கிறது. கையும் கருத்தும் பிரிந்தால் அறிவியல் அழியும் என்றார் ராய். நம் வட்டாரத்தில் அப்பிரிவு அறிவியலோடு உயிரையும் சேர்த்து அழிக்கின்றது.

வேதியியல் பயிலும் மாணவர் ஒருவரும் தமிழ் பயிலும் மாணவர் ஒருவரும் விடுமுறை நாளில் ஒருங்கே அமர்ந்து, ஒரு பொருளின் தன்மையை, அதனோடு சேர்க்கத்தகாத பொருளை, சேர்த்தால் நேரும் விளைவை, எழுத்துக்கூட்டிப் படிப்போரும் அறியுமாறு ஒரு பக்கத்தில் எழுதட்டும். அதனைத் தம் ஊரின் தொழிலாளர்க்குப் படித்துக் காட்டட்டும். கல்வி தேடுதல் ஒவ்வொருவர்க்கும் கடமை என்பது இஸ்லாம் வகுத்த நெறி. கற்றதை வேண்டியவர்க்கு மறைக்காமல் வழங்குதல் அதனினும் பெரிய கடமை. எழுநூறு ரூபாயும் ஒரு மொட்டைமாடியும் கொண்டு ஒரு நாட்டின் வேதியியல் தொழிலுக்கு அடிகோலிய அப்பெருமகனாருக்கு, கந்தகம் மணக்கும் இம்மண்ணிலிருந்து நாம் செலுத்தத்தக்க நன்றி அந்த ஒரு பக்கமேயாகும்.